டிராக்டர் பாதையில் ஐந்து நாள்

கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டி பக்கம் எனக்கு மூணு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கு. ஒன்பது வருஷமா ரசாயன உரம் போடுறதில்லை. மருந்தை முழுசா விட்டுட்டேன்னு சொல்ல மாட்டேன். பனிக்காலத்தில் போர்டோ கலவை இல்லாமல் என்னால் இன்னும் சமாளிக்க முடியலை. திராட்சையில் இயற்கை வேளாண்மை செய்றவங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

போன வருஷம் ஜூன் மாசம் மகளைப் பார்க்க ஜெர்மனி போனேன். ட்ரியர் என்கிற ஊரில் இருக்கிறாள். மோசல் ஆற்றங்கரை ஊர் அது. ஊரைத் தாண்டினால் ரெண்டு பக்கமும் மலை, மலை முழுக்கத் திராட்சை. மருமகன் சொன்னார்: "மாமா, காரில் போனா அரை நாள்ல பாத்துட்டு வந்துரலாம். ஆனா சைக்கிள்ல போனாத்தான் தோட்டத்துக்குள்ளேயே போக முடியும். கார் உள்ளே வர முடியாத பாதை இருக்கு." எனக்கு 58 வயசு. தோட்டத்துக்குப் போக வர சைக்கிள் மிதிக்கிற கால்தான், அதனால் சரின்னுட்டேன். அஞ்சு நாள் போனோம்.

சைக்கிளில் ஊர் சுற்றின கதைக்கு இந்தப் பத்திரிகையில் என்ன வேலைன்னு கேட்கலாம். அந்தப் பாதை யாருக்காகப் போட்ட பாதை என்பதில்தான் விஷயம் இருக்கு.

மோசல் ஆறு பிரான்சில் வோஜ் மலையில் பிறந்து, 540 கி.மீ.க்கு மேல் ஓடி, கோப்லென்ஸில் ரைன் ஆற்றோடு சேருது. ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை நேர்கோடு போட்டால் 100 கி.மீ. அளவுதான் வரும். ஆனால் ஆறு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போறதால், கரையோரமா சைக்கிளில் போனால் சுமார் 200 கி.மீ. ஆகிடுது. கோஹெம் என்ற ஊர் பக்கத்தில் ரயில் 4.2 கி.மீ. சுரங்கத்தில் புகுந்து வெளியே வந்துவிடும். அதே ரெண்டு இடத்துக்கு நடுவே ஆறு 20 கி.மீ.க்கு மேல் சுத்திக்கிட்டு வருது. அவசரப்படுறவனுக்கு ரயில். திராட்சை பார்க்க வந்தவனுக்கு அந்தச் சுத்துதான் வேணும். ஏன்னா ஒவ்வொரு வளைவிலும் தெற்கு பார்த்த சரிவில்தான் வெயில் முழுசா விழுது. நல்ல தோட்டமெல்லாம் அங்கேதான் இருக்கு.

ட்ரியரை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரத்தில் முதல் பலகையைப் பார்த்தேன். வட்டமான சிவப்பு வளையம், உள்ளே மோட்டார் சைக்கிள் படமும் கார் படமும். அதன் கீழே சின்னதா ஒரு பலகை. மருமகனிடம் என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். "விவசாயப் போக்குவரத்துக்குத் தடையில்லைன்னு போட்டிருக்கு மாமா" என்றார். அதுக்கப்புறம் அஞ்சு நாளும் இந்தப் பலகையை எத்தனை இடத்தில் பார்த்தோம் என்று கணக்கில்லை. அதாவது, சுற்றுலாக்காரர்கள் 'வண்டி வராத சைக்கிள் பாதை'ன்னு சொல்றாங்களே, அதில் பெரும்பகுதி சைக்கிளுக்காகப் போட்டதே இல்லை. உழவரின் டிராக்டர் போக, மருந்துத் தொட்டி போக, அறுவடைக் கூடை போகப் போட்ட தோட்டப் பாதை. சைக்கிள்காரரும் நடக்கிறவரும் அதில் விருந்தாளி.

இந்தப் பாதை வந்த கதையை விவரமாச் சொல்லணும். அந்த வட்டாரம் 1794-லிருந்து 1814 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்கள் சட்டப்படி அப்பன் சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. நியாயம்தான். ஆனால் நாலு தலைமுறையில் ஒவ்வொரு துண்டும் வேட்டி அகலம் ஆகிப்போச்சு. ஒரு குடும்பத்துக்கு மலையில் முப்பது இடத்தில் முப்பது துண்டு, எதுக்கும் பாதை கிடையாது. உரத்தை முதுகில் கட்டித் தூக்கணும், பழத்தை முதுகில் கட்டி இறக்கணும். மழையில் வழுக்கி வந்த மண்ணையும் கூடையில் அள்ளித் திரும்ப மேலே கொண்டு போய்க் கொட்டணும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1953-ல் நில ஒருங்கிணைப்புக்கு ஒரு சட்டம் வந்தது. ஒரு பகுதி நில உரிமையாளர்கள் எல்லாரும் ஒரு சங்கமாகச் சேர்க்கப்படுவாங்க. துண்டு துண்டா இருக்கிற நிலத்தை அளந்து, மதிப்புப் போட்டு, ஒவ்வொருவருக்கும் சேர்ந்தாற்போல் திருப்பிக் கொடுப்பாங்க. பாதைக்கு வேண்டிய நிலத்தை ஒவ்வொருவரும் தன் பங்கிலிருந்து விட்டுத் தரணும். செலவில் அரசு மானியம் ஒரு பகுதி, உரிமையாளர் பங்கு ஒரு பகுதி. அப்படிப் போட்டவைதான் இந்தத் தோட்டப் பாதைகள்.

இதில் எல்லாமே நல்லதா நடந்ததுன்னு நினைச்சுக்காதீங்க. டிராக்டர் போகணும்னு எத்தனையோ இடத்தில் பழைய கல்கட்டுகளை இடிச்சுத் தள்ளிட்டாங்க. சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் வைக்காமல் கல்லு மேல கல்லு அடுக்கிக் கட்டின படிக்கட்டு வரப்பு அது. அந்தக் கல் இடுக்கில்தான் பல்லி, ஓணான், பூச்சி, பொறி எல்லாம் குடியிருந்தது. வின்னிங்கன் என்ற ஊர்ப் பக்கம் அப்போலோ என்று ஒரு பெரிய வெள்ளை வண்ணத்துப்பூச்சி, இறக்கையில் சிவப்புப் பொட்டு வைத்தது. மோசல் பள்ளத்தாக்குக்கே உரிய வகை. அதன் புழு அந்தக் கல்கட்டில் முளைக்கிற ஒரு சதைப்பற்றுச் செடியைத்தான் தின்னும். சமீப வருஷங்களில் அதன் எண்ணிக்கை ரொம்பக் குறைஞ்சு போச்சு. மருந்தடிப்பு காரணமா, பருவநிலை மாறினது காரணமான்னு அங்கே விவாதம் நடந்துக்கிட்டு இருக்கு.

முதல் நாள் 40 கி.மீ. சொச்சம் மிதித்து நொய்மாகன் என்ற ஊரில் தங்கினோம். ஏற்றமே இல்லை. ஆற்றை ஒட்டியே போறதால் நம்ம கண்மாய்க்கரையில் மிதிக்கிற மாதிரிதான். அந்த ஊரில் கல்லில் செதுக்கின ஒரு கப்பல் இருக்கு, பீப்பாய் ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட்டுப் போகிற மாதிரி. சுமார் கி.பி. 220-ல் ரோமானிய வணிகர் ஒருவரின் கல்லறை மேல் வைத்ததாம். ஊரில் நிற்பது நகல், அசல் ட்ரியர் அருங்காட்சியகத்தில் இருக்கு. அடுத்த ஊர் பீஸ்போர்ட்டில் ரோமானியர் காலத்துத் திராட்சை மிதிக்கும் தொட்டிகளை 1985-ல் தோண்டி எடுத்திருக்காங்க. அந்தச் சரிவில் 1,600 வருஷத்துக்கு முன்னாலேயே திராட்சை இருந்திருக்கு.

சரிவுன்னா எப்படிப்பட்ட சரிவு? நம்ம ஊரில் பந்தல் போடுறோம், தலைக்கு மேல் கொடி. அங்கே பந்தலும் இல்லை, செங்குத்தான இடத்தில் கம்பியும் இல்லை. ஒவ்வொரு செடிக்கும் ஒரே ஒரு ஊன்றுகோல், அதில் ரெண்டு கொடியை வளைத்து இதய வடிவில் கட்டியிருக்காங்க. கம்பி இழுத்தால் குறுக்கே நடக்க முடியாது, அதான் தனிக் கோல். தரை முழுக்கக் கறுப்பும் நீலமுமாகப் பலகைக்கல் சில்லு. பகல் வெயிலை அந்தக் கல் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி செடிக்குக் கொடுக்குதாம். சாயங்காலம் ஏழு மணிக்குக் குனிந்து தொட்டுப் பார்த்தேன், இட்லிச் சட்டி மூடி மாதிரி சூடு இருந்தது. அந்தக் குளிர் நாட்டில் ரீஸ்லிங் ரகம் பழுக்கிறதே இந்தக் கல்லால்தான்.

ரெண்டாம் நாள் காலையில் அந்தச் சத்தம் கேட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹெலிகாப்டர் ஒண்ணு, கொடிக்கு மேல் சில மீட்டர் உயரத்தில் பறந்துக்கிட்டு வெள்ளைப் புகை மாதிரி தெளிச்சுக்கிட்டே போச்சு. சரிவின் கடைசியில் திரும்பி மறுபடி வந்தது. நான் சைக்கிளை நிறுத்திட்டுப் பார்த்துக்கிட்டே நின்னேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் வானத்திலிருந்து மருந்து தெளிப்பதற்கு 2009-லிருந்து பொதுவான தடை இருக்கு. ஆனால் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களுக்கு அனுமதி வாங்கித் தெளிக்கலாம் என்று விலக்கும் இருக்கு. தெளிப்பது பூஞ்சாணக் கொல்லி. முதுகில் தொட்டி கட்டி அந்தச் சரிவில் ஏறுகிறவன் நிலைமை எனக்குத் தெரியும், அதனால் ஹெலிகாப்டர் வைக்கிறவரை ஒரேயடியாகத் திட்ட எனக்கு வாய் வரலை. ஆனாலும் அழகான படம் போட்டு விற்கிற பள்ளத்தாக்கில், காரில் போகிறவன் கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் போயிருவான். சைக்கிள்காரன் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கணும்.

அன்னிக்கு மத்தியானம் ஒரு வீட்டு வாசலில் துடைப்பமும் இலைக்கொத்தும் கட்டித் தொங்கவிட்டிருந்தது. மருமகன் நின்னுட்டார். அங்கே அதுக்கு ஒரு பொருள் இருக்கு: 'இந்த வீட்டில் சொந்தத் தோட்டத்துச் சரக்கு கிடைக்கும்.' ஸ்ட்ராஸ்விர்ட்ஷாஃப்ட் என்று பேர். திராட்சை உழவர் தன் வீட்டிலேயோ கொட்டகையிலேயோ வருஷத்தில் நாலு மாசம் வரை, ஓட்டல் உரிமம் எடுக்காமலே, தன் சொந்தத் திராட்சையில் செய்த மதுவையும் அதோடு எளிய சாப்பாட்டையும் விற்கலாம். 40 பேருக்கு மேல் உட்கார இடம் போடக்கூடாது. வெளியில் வாங்கி வந்து விற்கவும் கூடாது. நான் குடிக்கிறதில்லை. எனக்கு அவங்க தோட்டத்துத் திராட்சைச் சாறு கொடுத்தாங்க. நம்ம பன்னீர் வாசம் அதில் இல்லை, புளிப்பு தூக்கலா இருந்தது, வெயிலில் வந்தவனுக்கு அமிர்தம்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயசிருக்கும். இயற்கை முறைக்கு மாறிப் பதினாலு வருஷம் ஆச்சாம். நானும் திராட்சைக்காரன்னு மருமகன் சொன்னதும் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நோய் ரெண்டும் நம்ம நோய்தான், சாம்பலும் அடிச்சாம்பலும். ரெண்டுமே 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவையை 1885-ல் பிரான்சில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் வெளியிட்டது இதற்காகத்தான். அவங்களும் தாமிரம் இல்லாமல் சமாளிக்க முடியலைன்னு சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்ததை ஒத்துக்கணும். ஆனால் அங்கே அதற்கு அளவு உண்டு. ஐரோப்பிய விதிப்படி ஒரு ஹெக்டேருக்கு ஏழு வருஷத்தில் 28 கிலோ தாமிரத்துக்கு மேல் போகக்கூடாது, அதாவது சராசரியா வருஷத்துக்கு 4 கிலோ. தாமிரம் மண்ணை விட்டுப் போகாது, மண்புழுவைப் பாதிக்கும். நான் இதுவரை கிலோ கணக்கே வைத்ததில்லை. நீங்க வைத்திருக்கீங்களா?

தாமிரத்தைக் குறைக்க, நோய் தாங்கும் புது ரகங்களை ஒரு பகுதியில் நட்டிருந்தாங்க. ரெகன்ட், சோலாரிஸ் மாதிரி பேர். அதெல்லாம் கலப்பின ரகம், தெளிப்பு எண்ணிக்கை ரொம்பக் குறையுதாம். ஆனா வாடிக்கையாளர் ரீஸ்லிங்னு கேட்டுத்தான் வர்றாங்க, புதுப் பேரைச் சொன்னா முகம் சுளிக்கிறாங்கன்னு அவங்களுக்கு வருத்தம்.

நான் அதிசயப்பட்டது வேறொண்ணு. செடிகளில் அங்கங்கே பழுப்பு நிறத்தில் சின்ன பிளாஸ்டிக் குப்பி தொங்கிச்சு. பழத்தைத் துளைக்கிற அந்துப்பூச்சிக்கான இனக்கவர்ச்சி வாசனை அதில் இருக்கு. நாம வைக்கிற பொறி மாதிரி பூச்சியைப் பிடிக்கிறதில்லை. காற்று முழுக்கப் பெண் பூச்சி வாசனையா இருக்கிறதால் ஆண் பூச்சிக்குப் பெண் எங்கே இருக்குன்னே தெரியாது. ஜோடி சேராது, முட்டை வராது. ஹெக்டேருக்கு 500 குப்பி. இதில் என்ன சிக்கல்னா, நான் மட்டும் என் தோட்டத்தில் வைத்தால் வேலைக்கு ஆகாது, பக்கத்துத் தோட்டத்தில் ஜோடி சேர்ந்து வந்து இங்கே முட்டை வைக்கும். சரிவு முழுக்க எல்லாரும் ஒரே வாரத்தில் கட்டணும். அதனால் ரசாயன விவசாயி, இயற்கை விவசாயி எல்லாரும் சேர்ந்து குழுவா நின்னு கட்டுறாங்க. மற்ற விஷயத்தில் சண்டை போட்டாலும் இதில் ஒண்ணு.

"ஹெலிகாப்டர்?" என்று கேட்டேன். அந்த அம்மா கையை விரிச்சாங்க. எல்லையில் இருக்கிற வரிசைகளைத் தனியாப் பறிச்சுத் தனியாவே வைக்கிறாங்களாம்.

பிறகு விலைக்கு வந்தோம், உழவர் ரெண்டு பேர் சந்திச்சா வேறெங்கே போய் நிற்கும் பேச்சு? பீப்பாய்க் கணக்கில் வியாபாரிக்குக் கொடுத்தால் செங்குத்துச் சரிவில் செலவழிக்கிற கூலிக்கே கட்டாது. சமதளத்தில் எந்திரம் அறுக்குது, சரிவில் எல்லாம் கைவேலை, அதே பரப்புக்குப் பல மடங்கு நேரம். அதனால் வாசலில் வர்ற ஆளுக்கு நேரா விற்கிறதுதான் குடும்பத்தை நிறுத்துது. யார் வர்றாங்கன்னு கேட்டேன். "கார்க்காரங்க பெரிய ஊருக்குப் போயிடுறாங்க. இந்தத் தெருவில் நின்னு தண்ணி கேட்கிறவங்க சைக்கிள்காரங்கதான்" என்றாங்க. சைக்கிளில் பாட்டில் பெட்டியைத் தூக்கிட்டுப் போக முடியாதே? முகவரி எழுதிக் கொடுத்துட்டுப் போறாங்க, இவங்க பார்சல் அனுப்புறாங்க. அந்த முகவரி நோட்டு மூணு கனமா இருந்தது. சில பேர் இருபது வருஷமா வாங்குறாங்க.

மூணாம் நாள் ஆற்றை விட்டு மலைக்குப் போனோம். பெர்ன்காஸ்டல்-கூஸ் என்ற ஊரிலிருந்து ஒரு பஸ், பின்னாலே சைக்கிள் ஏத்துற டிரெய்லர். முன்பதிவு பண்ணிக்கணும். டாவுன் என்ற மலை ஊரில் இறக்கி விட்டுட்டுப் போகுது. அங்கேயிருந்து 58 கி.மீ. திரும்ப ஆற்றுக்கு இறங்குற பாதை, பழைய ரயில் தண்டவாளம் கிடந்த இடம். ரயில் நின்னு போனதும் தண்டவாளத்தை எடுத்துட்டுத் தார் போட்டு 2000-ல் சைக்கிளுக்குத் திறந்தாங்க. ரயில் ஏறுகிற சரிவுதானே, செங்குத்தே கிடையாது. பாலம், சுரங்கம் எல்லாம் அப்படியே இருக்கு. ஒரு சுரங்கம் அரை கிலோமீட்டருக்கு மேல், உள்ளே போனா ஜூன் மாசத்திலும் குளிர் நடுக்குது. காடு, மேய்ச்சல், லீசர் என்ற சின்ன ஆறு, கடைசியில் மறுபடி திராட்சை. எரிமலை வெடிச்ச குழியில் தண்ணி நின்ன வட்ட ஏரிகள் டாவுன் பக்கத்தில் இருக்கு, அதையும் பார்த்தோம். மோசல் கரையில்கூட இப்படி ஒரு ரயில் ட்ரியரிலிருந்து புல்லாய் வரை ஊர் ஊரா நின்னு போயிருக்கு. 1960-களில் நிறுத்திட்டாங்க, வண்டியிலேயே மது கொடுத்ததால் 'குடிகார ரயில்'னு பட்டப்பேராம். அந்தத் தடத்திலும் சில இடங்களில் இப்போ சைக்கிள் போகுது.

நாலாம் நாள் எனக்கு ஒரு வெட்கக்கேடு. தோட்டப் பாதையில் படம் எடுக்கச் சைக்கிளைக் குறுக்கே சாய்ச்சு வைத்துட்டு நின்னேன். பின்னாலே ஒரு குட்டை டிராக்டர் வந்து நின்னது. ஓட்டினவர் ஆரன் அடிக்கலை, சும்மா பார்த்துக்கிட்டு இருந்தார். நான் பதறிப்போய் எடுத்தேன். சுருளி அருவிக்கு வர்ற கார்க்காரங்க எங்க பந்தலைப் படம் எடுக்க வழியை அடைச்சு நிறுத்தும்போது நான் போடுற சத்தம் ஊருக்கே தெரியும். அந்த மனுஷன் கையை ஆட்டிட்டுப் போயிட்டார்.

அஞ்சாம் நாள் ப்ரெம் என்ற ஊர். அங்கே கால்மோன்ட் என்கிற சரிவு, ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒண்ணு, சில இடம் 65 பாகைக்கு மேல். ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் வைத்த சின்ன வண்டி ஆளையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு மேலே போகுது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால், பச்சைக்கு நடுவே முள்ளும் புதருமா நிறைய இடம் தரிசு. பிள்ளைகள் வேலைக்கு நகரம் போயிட்டாங்க. மோசல் வட்டாரம் முழுக்க 1990-களின் தொடக்கத்தில் 12,000 ஹெக்டேர் அளவுக்குத் திராட்சை இருந்தது, இப்போ 9,000-க்கும் கீழே. கைவிட்ட துண்டுகளில் சிலர் சிவப்புச் சதையுள்ள ஒரு பீச் பழ மரத்தை நட்டு, ஜாம் போட்டு விற்கிறாங்க. ஒரு பாட்டில் மகளுக்கு வாங்கினேன்.

போக நினைக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. எல்லா இடமும் வண்டி இல்லாத பாதை கிடையாது. கோஹெமுக்குக் கீழே பல இடத்தில் பெரிய ரோட்டை ஒட்டித்தான் போகணும். நான் பார்த்ததில் ட்ரியரிலிருந்து எல்லர் வரைதான் சுகம். அந்த மாநிலத்தில் உள்ளூர் ரயிலில் வார நாளில் காலை 9 மணிக்கு மேலே, சனி ஞாயிறு முழுநாளும், சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. கால் அசந்தா ஏறி உட்கார்ந்துக்கலாம். நாங்க எடிகர்-எல்லரில் ஏறித்தான் ட்ரியர் திரும்பினோம். அறுவடை மாசமான செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் போனால் டிராக்டருக்கு வழி விட்டுக்கிட்டே இருக்கணும். அது அவங்க பாதை.

ஊருக்கு வந்ததும் புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். எங்க தோட்டத்துக்கு முல்லைப்பெரியாற்று வாய்க்காலிலிருந்து வர்ற வண்டிப்பாதை அதில் தெளிவா இருக்கு, ரெண்டு மாட்டுவண்டி ஒதுங்குற அகலம். நேரில் போனா பாதி தூரம் தென்னை நட்டிருக்கு, மீதியில் மனைப்பிரிவுக்காரர் கல் ஊன்றியிருக்கார். இப்போ பழ டிரேயைத் தலையில் வைத்து வாய்க்கால் வரப்பிலேயே கொண்டு வர்றோம். டெம்போக்காரர் தூரமா நிற்கிறதால் டிரேக்கு இவ்வளவுன்னு கூலி பிடிச்சுக்கிறார். பாதையை ஒட்டின பதினோரு தோட்டத்துக்காரரையும் பார்த்துப் பேசினேன். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டாங்க. அளந்து கல் போட்டுத் தரச் சொல்லி மனு கொடுத்திருக்கோம். கையெழுத்துப் போடாத ரெண்டு பேரில் ஒருத்தர் என் சின்ன மச்சான். தென்னை அவருடையது. ஆடிக்கு அவர் வீட்டுக்குப் போறேன், அந்தச் சிவப்புப் பீச் ஜாம் இன்னொரு பாட்டில் மிச்சம் இருக்கு.